தரமான விதையும் சிறுநிலப் பெண் விவசாயியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்
பாட விளக்கக் கட்டுரை



"விதையொன்று போடச் சுரையொன்று முளைக்குமா?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. முளைக்காது என்பதே அதன் விடை. ஆனால் கத்தரி என்று வாங்கிய விதையில் வேறு கத்தரி முளைப்பதும், நூறு விதை போட்ட இடத்தில் ஐம்பது மட்டும் முளைப்பதும் நம் தோட்டங்களில் நடப்பவையே. இவ்வாறு நடந்தால் நட்டம் யாருக்கு? அதனைத் தடுக்க என்ன ஏற்பாடுகள் உள்ளன? அந்த ஏற்பாடுகள் ஒரு சிறுநிலப் பெண் விவசாயியின் கைக்கு ஏன் எளிதில் எட்டுவதில்லை? இம்மூன்று வினாக்களுக்கும் இக்கட்டுரையில் விடை காண்போம். "நடுகைப் பொருட்கள்", "விவசாய விரிவாக்கம்" ஆகிய இரு பகுதிகளிலும் வரும் வினாக்களுக்கு இது உங்களுக்கு உதவும்.

1. ஓர் உதாரணம்

இலங்கையின் வடமுனையில் அமைந்துள்ள பருத்தித்துறையை எடுத்துக்கொள்வோம். கடற்கரையை விட்டு உட்புறமாகச் சென்றால் புலோலி முதலிய ஊர்களில் செம்மண் தோட்டங்களைக் காணலாம். இங்கு ஆறுகள் இல்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே பயிர் செய்யவேண்டும். நிலத்தைப் பரப்புக் கணக்கிலே அளப்பர். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர் ஆகும். 2 பரப்பு, 4 பரப்பு நிலத்தை வைத்துச் சீவியம் நடத்தும் குடும்பங்கள் பல.

இப்பகுதியில் 4 பரப்பில் மிளகாய் செய்யும் ஒரு பெண் விவசாயியை எண்ணிப் பாருங்கள். அவர் சந்தையில் பெயர்ச்சீட்டு இல்லாத விதையை மலிவாக வாங்கி நாற்றுமேடையில் இடுகிறார். நாற்று வளர ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். பின்னர் நடுகை, நீர் இறைப்பு, களை பிடுங்கல், பசளை இடல். செடி பூத்துக் காய்க்கும்போதுதான் ஒரு செடியில் நீண்ட காயும் மறு செடியில் குட்டைக் காயும் இருப்பது தெரிகிறது. சில செடிகளில் இலை சுருண்டுள்ளது. சந்தையில் கலப்புக் காய்க்கு நல்ல விலை இல்லை. அப்போது விதையை மாற்ற முடியாது. போகம் முடிந்துவிட்டது. நீர் இறைத்த மின்சாரச் செலவு, கூலி, கடன் எல்லாம் அவர் தலையில் நிற்கின்றன.

இங்கு நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மரக்கறியின் தரத்தை வாங்கும்போதே கண்ணால் பார்த்து அறியலாம். விதையின் தரத்தை அவ்வாறு அறிய முடியாது. அது எந்த இனம், எவ்வளவு முளைக்கும், உள்ளே நோய் உள்ளதா என்பன பல வாரங்களின் பின்னரே தெரியவரும். ஆகவேதான் விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பு ஒன்று விதையைப் பரிசோதித்து உறுதி கூறவேண்டியுள்ளது. அந்த உறுதியே விதை அத்தாட்சிப்படுத்தல் ஆகும்.

2. தரமான விதையின் இயல்புகள்

(அ) இனத்தூய்மை: கூறப்பட்ட இனத்துக்குரிய இயல்புகளையே கொண்டிருத்தல்.
(ஆ) பௌதிகத் தூய்மை: களை விதை, வேற்றுப்பயிர் விதை, கல், பதர், மண் ஆகியவை கலவாதிருத்தல்.
(இ) உயர்ந்த முளைதிறன்: இயல்பான நாற்றுகளைத் தரும் விதைகளின் சதவீதம் உயர்ந்திருத்தல்.
(ஈ) வீரியம்: ஒரே சீராகவும் விரைவாகவும் முளைத்தல்.
(உ) தகுந்த ஈரப்பதன்: நெல் விதையாயின் களஞ்சியப்படுத்தும்போது ஈரப்பதன் 13% ஐ விட மிகாதிருத்தல் நன்று. ஈரப்பதன் கூடினால் பூஞ்சணமும் பூச்சியும் பெருகும்.
(ஊ) நோய், பீடை அற்றிருத்தல்.

3. விதையின் தலைமுறைகள்

ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்படும் ஒரு புதிய இனத்தின் விதை மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். அதனை விவசாயிகள் எல்லோருக்கும் போதுமான அளவுக்குப் படிப்படியாகப் பெருக்க வேண்டும். அப்படிகள் பின்வருமாறு:

இனவிருத்தியாளர் விதை → அத்திவார விதை → பதிவுசெய்யப்பட்ட விதை → அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதை

இனவிருத்தியாளர் விதை ஆராய்ச்சியாளரின் நேரடி மேற்பார்வையில் உற்பத்தியாகும். விவசாயி பயிர்ச்செய்கைக்கு வாங்குவது இறுதிப் படியான அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதையையே ஆகும். படி இறங்க இறங்க அளவு கூடும். கலப்பு ஏற்படும் வாய்ப்பும் கூடும். எனவே ஒவ்வொரு படியிலும் பரிசோதனை அவசியம்.

நினைவிற் கொள்க: இன விதைகளின் பெயரில் உள்ள எழுத்துகள் அவை உருவான நிலையத்தைக் குறிக்கும். "பி.ஜி." என்பது பத்தலகொட, "ஏ.ரி." என்பது அம்பலாந்தோட்டை, "எம்.ஐ." என்பது மகஇலுப்பள்ளம். நெல்லினங்களில் இலக்கம் வயதைக் காட்டும். பி.ஜி. 300 மூன்று மாத வர்க்கம், பி.ஜி. 352 மூன்றரை மாத வர்க்கம், பி.ஜி. 403 நான்கு மாத வர்க்கம்.

4. அத்தாட்சிப்படுத்தும் படிமுறை

இலங்கையில் இப்பணியை விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தல் மற்றும் தாவரப் பாதுகாப்பு நிலையம் ஆற்றுகிறது. இது பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் அமைந்துள்ளது. படிமுறை பின்வருமாறு:

(1) விதை உற்பத்தி செய்யும் வயலைப் பதிவு செய்தல்.
(2) விதைக்கப்பட்ட மூலவிதை அங்கீகரிக்கப்பட்டதா எனச் சரிபார்த்தல்.
(3) வயற் பரிசோதனை: வேறினச் செடிகள், களைகள், நோய்கள் உள்ளனவா, அயல் வயலிலிருந்து போதிய இடைவெளி உள்ளதா எனப் பார்த்தல். வேறினச் செடிகளைப் பிடுங்கி அகற்றல் வேண்டும்.
(4) அறுவடையின் பின் விதைத் தொகுதியிலிருந்து மாதிரி எடுத்தல்.
(5) ஆய்வுகூடத்தில் தூய்மை, முளைதிறன், ஈரப்பதன் ஆகியவற்றைப் பரிசோதித்தல்.
(6) நியமத்துக்கு அமைந்த விதைக்குப் பெயர்ச்சீட்டு இட்டு முத்திரையிடல்.

விதைப் பரிசோதனை முறைகள் உலகெங்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம் 1924 இல் ஆரம்பிக்கப்பட்டது. நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் விதைகளினதும் நடுகைப் பொருட்களினதும் தரத்தை ஒழுங்குபடுத்துகிறது. தேசிய விதைச் சபையும், விதை வியாபாரத்தில் ஈடுபடுவோரைப் பதிவு செய்யும் ஏற்பாடும் இச்சட்டத்தின் கீழ் வருவன.

5. மலிவு விதை உண்மையில் மலிவா?

இதனை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்வோம். கீழுள்ள எண்கள் பயிற்சிக்காக எடுக்கப்பட்டவை.

பயன்தரு விதைச் சதவீதம் = (தூய்மை % × முளைதிறன் %) ÷ 100

விதை "அ" (அத்தாட்சி பெற்றது): தூய்மை 98%, முளைதிறன் 90%, விலை கிலோ 200 ரூபா.
பயன்தரு விதை = 98 × 90 ÷ 100 = 88.2%

விதை "ஆ" (பெயர்ச்சீட்டு அற்றது): தூய்மை 90%, முளைதிறன் 60%, விலை கிலோ 140 ரூபா.
பயன்தரு விதை = 90 × 60 ÷ 100 = 54%

"அ" வகையில் 10 கிலோ வாங்கினால் 8.82 கிலோ பயன்தரு விதை கிடைக்கும். செலவு 2000 ரூபா. அதே அளவு பயன்தரு விதையை "ஆ" வகையில் பெற 8.82 ÷ 0.54 = 16.3 கிலோ வாங்கவேண்டும். செலவு 16.3 × 140 = 2282 ரூபா. அதாவது கிலோவுக்கு 60 ரூபா குறைந்த விதை முடிவில் ஏறத்தாழ 282 ரூபா கூடுதலாகச் செலவு வைக்கிறது. களை விதை கலந்திருந்தால் களை பிடுங்கும் கூலியையும் இதனோடு கூட்டவேண்டும். களை பிடுங்குவோர் பெரும்பாலும் பெண்களே என்பதை மறவாதீர்கள்.

6. பெண்களும் விதையும்

நம் வீடுகளில் விதையைக் காத்தவர்கள் பெண்கள். நல்ல காயைத் தேர்ந்து முற்றவிடுதல், பாகல், புடோல் விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தல், அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தூக்குதல், வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் காற்றுப்படத் தொங்கவிடுதல் ஆகியன தாய்மாரும் அம்மம்மாமாரும் செய்துவந்த வேலைகள். இவற்றின் அடிப்படை விஞ்ஞானமே. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். புகை பூச்சியை விலக்கும். காற்றோட்டம் அழுகலைத் தடுக்கும்.

யுத்த காலத்தில் இந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்தது. இடம்பெயரும் குடும்பம் கையில் எடுக்கக்கூடியதையே எடுத்துச் செல்லும். அடுத்த போகத்துக்கென வைத்த விதை வீட்டோடு போய்விடும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையோரத்தையும் தாக்கியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டுக்கான பொருட்கள் கடல் வழியாக வரவேண்டிய நிலை ஏற்பட்டது. வெளியிலிருந்து வரும் விதையை மட்டும் நம்பியிருக்கும் ஓர் ஊர் பாதை அடைபட்டால் எவ்வாறு தவிக்கும் என்பதற்கு இது ஒரு பாடம். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின் மீள்குடியேறியோருள் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் இருந்தனர். அவர்களிடம் நிலம் இருந்தது, கிணறு இருந்தது, விதை இருக்கவில்லை. எனவே மீள்குடியேற்றக் காலத்தில் அரச திணைக்களங்களும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் போன்ற அமைப்புகளும் விதை நெல்லையும் மரக்கறி விதைகளையும் வழங்கின.

ஆனால் இலவச விதை ஒரு போகத்துக்கே உதவும். அடுத்த போகத்தில் அப்பெண் எங்கே செல்வார் என்பதே உண்மையான வினா.

7. பெண் விவசாயி எதிர்நோக்கும் தடைகள்

(அ) பதிவில் பெயர் இல்லாமை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாய நிலப் பதிவேடு பேணப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் சீதனமாகப் பெண்ணின் பெயரில் காணி எழுதப்படுவது வழக்கம். அவ்வாறிருந்தும் "விவசாயி" என்று பதியப்படும் பெயர் பல வீடுகளில் கணவனுடையதாகவோ தகப்பனுடையதாகவோ உள்ளது. மானியமும் அறிவித்தலும் பதிவில் உள்ள பெயருக்கே செல்லும்.

(ஆ) பையின் அளவு. விதை நெல் பெரும்பாலும் ஒரு புசல் அளவான பைகளில் விற்கப்படும். ஏக்கருக்கு 2 புசல் என்று கொண்டால் கால் ஏக்கர் செய்பவருக்கு அரைப் புசலே போதும். மீதியை என்ன செய்வது? அதற்காகக் கடன்படுவதா? எனவே அவர் அயலவரிடம் சாதாரண நெல்லை வாங்கி விதைக்கிறார்.

(இ) தூரமும் நேரமும். திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் உள்ளன. பருத்தித்துறையிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, சமைத்து, தோட்டத்துக்கு நீர் கட்டும் ஒருவருக்கு அதற்கு ஒரு முழு நாள் செல்லும்.

(ஈ) தகவல் எட்டாமை. பயிற்சி வகுப்பும் கூட்டமும் ஆண்களுக்கு வசதியான நேரத்தில் நடைபெறின், பெண்களுக்குச் செய்தி இரண்டாம் கையாகவே கிடைக்கும்.

(உ) முதல் இல்லாமை. விதை வாங்கும் காலத்தில் கையில் பணம் இராது. கடனுக்குத் தரும் வியாபாரி எந்த விதையைத் தருகிறாரோ அதையே ஏற்கவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் வெளிநாட்டு நாணயம் இன்றி இறக்குமதி விதைகளின் விலை உயர்ந்தபோது இந்நிலை மேலும் இறுகியது.

இது நம்மூருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. வளர்முக நாடுகளின் விவசாயத் தொழிலாளருள் ஏறத்தாழ 43% பெண்கள் என ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் 2010–11 அறிக்கை கூறியது. விதை முதலிய உள்ளீடுகள் ஆண்களுக்குக் கிடைக்கும் அளவில் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்களின் விளைச்சல் 20–30% உயரக்கூடும் எனவும் அது மதிப்பிட்டது. 2026 ஆம் ஆண்டைச் சர்வதேச பெண் விவசாயி ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்ததன் பின்னணி இதுவே.

8. தடைகளை நீக்கும் வழிகள்

(1) பெயரைப் பதிவு செய்தல். பயிர் செய்யும் பெண் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் தம்மையே விவசாயியாகப் பதிவு செய்தலும், கமக்கார அமைப்பில் அங்கத்தவராதலும் முதற்படி.

(2) கூட்டாக வாங்குதல். கால் ஏக்கர் வீதம் செய்யும் நால்வர் சேர்ந்தால் ஓர் ஏக்கர். இரண்டு ஒரு புசல் பைகளை வாங்கி ஆளுக்கு அரைப் புசலாகப் பிரிக்கலாம். ஒருவர் பயணம் செய்தால் போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதற்கு ஏற்றவை. பை பிரிக்கப்படும்போது பெயர்ச்சீட்டைக் கிழித்தெறியாது சங்கத்தில் வைத்திருக்கவேண்டும். முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அதுவே சான்று.

(3) ஊரிலேயே விதை உற்பத்தி. பயிற்சி பெற்ற பெண்கள் குழுவாக இணைந்து பதிவுசெய்யப்பட்ட விதையைப் பெற்று, விவசாயப் போதனாசிரியரின் வழிகாட்டலில் விதைப் பயிர் செய்து, வயற் பரிசோதனைக்கு உட்படுத்தி விற்கலாம். விதையாக விற்கும்போது சாதாரண விளைச்சலை விடக் கூடிய விலை கிடைக்கும். தமிழ்நாடு உட்பட இந்திய மாநிலங்களில் நடைபெற்ற விதைக் கிராமத் திட்டம் இதனை ஒத்தது. அதில் விவசாயிகளுக்குத் தரமான மூலவிதை மானிய விலையில் வழங்கப்பட்டு, விதை உற்பத்தியில் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

(4) சின்ன வெங்காயத்தில் உண்மை விதை. யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயம் வழமையாகக் குமிழாலேயே நடப்படும். ஒரு ஹெக்டயருக்கு ஏறத்தாழ ஒரு தொன் அல்லது அதற்கு மேலும் குமிழ் தேவை. அது செலவு மிக்கது. குமிழோடு அழுகல் நோய்களும் அடுத்த போகத்துக்குக் கடத்தப்படும். பூவிலிருந்து பெறும் உண்மை விதையாயின் சில கிலோகிராமே போதும். ஆனால் பூக்கச் செய்யத் தாய்க்குமிழுக்குக் குளிர் வேண்டும். நாற்றுமேடைப் பராமரிப்பும் வேண்டும். எனவே பயிற்சி இன்றி இதில் இறங்குதல் ஆகாது.

(5) நேரம், இடம் மாற்றம். விரிவாக்கச் சேவையினர் பயிற்சியை ஊர் நூல்நிலையம், முன்பள்ளி போன்ற இடங்களில் பெண்களுக்கு வசதியான நேரத்தில் நடத்துதல்.

9. பழைய விதையைக் கைவிட வேண்டுமா?

பல மாணவர்கள் "அத்தாட்சி விதை நல்லது, வீட்டு விதை கூடாது" என எழுதிவிடுகின்றனர். இது தவறு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய நெல்லினங்கள் நம் சூழலுக்கு இசைந்தவை. அவற்றின் பரம்பரை இயல்புகள் புதிய இனங்களை உருவாக்கவும் தேவை. இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தைச் சேர்ந்த ரஹிபாய் சோமா போப்பரே என்னும் கிராமத்துப் பெண் உள்ளூர் விதைகளைச் சேகரித்து விதை வங்கி அமைத்தமைக்காக 2020 ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதுக்குத் தெரிவானார்.

எந்த விதையை வீட்டில் எடுக்கலாம் என்பதைப் பயிரின் மகரந்தச் சேர்க்கை தீர்மானிக்கும். நெல், தக்காளி போன்ற தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் இயல்பு பெரிதும் மாறாது. பூசணி, பாகல் போன்ற அயன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் அருகே வேறினம் இருந்தால் கலப்பு ஏற்படும். பையில் "எவ் 1" எனக் குறிக்கப்பட்ட கலப்பின விதையின் விளைச்சலிலிருந்து மறுபடி விதை எடுத்தல் கூடாது. அடுத்த தலைமுறையில் இயல்புகள் பிரிந்துவிடும். கலப்பின விதையை ஒவ்வொரு போகமும் வாங்கியே ஆகவேண்டும். கையில் பணமில்லாத விவசாயிக்கு இது முக்கியமான தகவல்.

10. வீட்டில் செய்யக்கூடிய முளைதிறன் சோதனை

எழுந்தமானமாக 100 விதைகளை எண்ணி எடுங்கள். ஈரமான துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, துணி உலராதவாறு நீர் தெளியுங்கள். பயிருக்கு ஏற்ப ஒரு வாரம் முதல் இரு வாரங்களில் இயல்பான நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள். வேர் இல்லாதவை, முறுகியவை, அழுகியவை கணக்கில் சேரா. உங்கள் வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ அடுத்த போகத்துக்கு வைத்திருக்கும் விதையை இன்றே இவ்வாறு சோதித்துப் பாருங்கள். செய்முறைப் பதிவேட்டுக்கு ஒரு பரிசோதனை கிடைக்கும். வீட்டுக்கு ஒரு போகம் தப்பும்.

மாதிரி வினா – விடை

1. முளைக்க வைத்த 100 விதைகளில் 84 முளைத்தன. அவற்றுள் 4 இயல்பற்ற நாற்றுகள். முளைதிறன் யாது?
விடை: (84 – 4) ÷ 100 × 100 = 80%

2. விதை அத்தாட்சிப்படுத்தலில் வயற் பரிசோதனை ஏன் அவசியம்?
விடை: இனக் கலப்பையும் விதை மூலம் பரவும் நோய்களையும் ஆய்வுகூடத்தில் மட்டும் முழுமையாக அறிய முடியாது, வயலில் நிற்கும் செடியின் இயல்புகளைக் கொண்டு அறியலாம்.

3. கலப்பினப் பயிரிலிருந்து விதை சேகரித்தல் ஏன் உகந்ததன்று?
விடை: அடுத்த தலைமுறையில் இயல்புகள் பிரிந்து சீரற்ற பயிர் தோன்றும்; விளைச்சல் குறையும்.

4. சிறுநிலப் பெண் விவசாயிகள் அத்தாட்சி விதை பெறுவதில் உள்ள தடைகள் மூன்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வும் தருக.
விடை: பதிவில் பெயர் இன்மை – கமநல சேவை நிலையத்தில் பதிவு செய்தல், பையின் அளவு பெரிது – கூட்டாக வாங்கிப் பிரித்தல், பயிற்சி எட்டாமை – ஊரில் வசதியான நேரத்தில் பயிற்சி நடத்தல்.

பரீட்சைக் குறிப்பு: நான்காம் வினா போன்றவற்றில் தடையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தடைக்கு எந்தத் தீர்வு என்பதை நேர் நேராக எழுதுங்கள். கணக்கு வினாவில் சூத்திரத்தை முதலில் எழுதி, பின் எண்களைப் பிரதியிட்டு, அலகோடு விடையைத் தாருங்கள்.

மாணவர்களே, விதை ஒரு சிறு பொருள். ஆனால் ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு அதன்மேல் நிற்கிறது. உங்களுள் பலர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அடுத்த முறை விதைப்பை ஒன்று வீட்டுக்கு வரும்போது அதன் பெயர்ச்சீட்டை வாங்கிச் சத்தமாக வாசியுங்கள்: இனம், முளைதிறன், பரிசோதித்த திகதி, காலாவதித் திகதி. பாடத்தில் படித்ததை வீட்டில் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் இல்லை.